அவெஞ்சர்ஸ் பார்த்தால் ஆங்கிலம் வருமா?

அன்புள்ள சார்,

இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். கிராமர் பரீட்சையில் மார்க் வருகிறது, வாயைத் திறந்தால் ஆங்கிலம் வரவில்லை. பிளேஸ்மென்ட் நெருங்குகிறது. மார்வெல் படங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். ‘படம் பார்க்க ஒரு சாக்கு’ என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பி,

தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் அப்பா சொல்வதுதான் சரி. கண் தமிழைப் படித்துக்கொண்டிருக்கும், காது சும்மா இருக்கும். ஏற்கனவே கதை தெரிந்த படமாக எடுத்து, ஆங்கில சப்டைட்டிலோடு ஒரே ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், முழுப் படம் வேண்டாம்.

அப்புறம், பஞ்ச் டயலாக்கை மனப்பாடம் செய்யாதீர்கள். பேட்மேன் பட வில்லன் ஜோக்கரின் ‘வொய் ஸோ சீரியஸ்?’ இருக்கிறதே, அதில் வினைச்சொல்லே கிடையாது, ‘ஆர் யூ’வை விழுங்கிவிட்டார். 2012 அவெஞ்சர்ஸில் இடிக் கடவுள் தோரைக் கிண்டலடிக்க அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் ‘யூ வியரெத்’ (நீ உடுத்துகிறாய்) என்று பழங்கால ஆங்கிலம் பேசுவார், அது பழங்கால இலக்கணப்படியும் தப்பு, ஏனென்றால் ‘எத்’ விகுதி ‘ஹி’, ‘ஷி’ மாதிரி படர்க்கைக்குத்தான் வரும். கிண்டலுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

எடுக்க வேண்டியது சாதாரண வரிகளை. கேப்டன் அமெரிக்கா முதல் படத்தில் (2011) ஒல்லிப்பிச்சானாக ஒரு சந்தில் அடிவாங்கிக்கொண்டே எழுந்து நின்று ‘ஐ கேன் டூ திஸ் ஆல் டே’ என்பார். நம்மில் எத்தனை பேர் ‘ஐ கேன் ஏபிள் டு’ என்று ஆரம்பிக்கிறோம்! ‘கேன்’ வந்தால் அடுத்து வினைச்சொல்தான், நடுவில் ‘ஏபிள் டு’ வராது, ‘ஹி’, ‘ஷி’ வந்தாலும் ‘எஸ்’ ஒட்டாது. இதை விதியாகப் படித்திருப்பீர்கள், ஆனால் நாக்குக்குத் தெரியாது. அதனால் அந்த வரியை உடைத்து ‘ஐ கேன் வெயிட் ஆல் டே’, ‘ஷி கேன் டாக் ஆல் நைட்’ என்று நீங்களாகவே மாற்றி மாற்றிச் சத்தமாகச் சொல்லுங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வாத்தியார் டிராக்ஸ். கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி (2014) படத்தில், உருவகம் பேசினால் டிராக்ஸுக்குத் தலைக்கு மேலே போய்விடும், அதாவது புரியாது என்று கூட்டாளி ராக்கெட் சொல்ல, டிராக்ஸ் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டு, என் தலைக்கு மேலே எதுவும் போகாது, நான் ரொம்ப வேகம், ‘ஐ வுட் கேட்ச் இட்’ என்பார். ‘வில்’ இல்லை, ‘வுட்’. அப்படி ஏதாவது வந்தால் பிடித்துவிடுவேன் என்ற அந்த ‘வந்தால்’ முழுக்க ‘வுட்’டுக்குள் இருக்கிறது. என்னைக் கேட்டால், கண்டிஷனல் பாடத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்தக் காட்சி மேல்.

ஆனால் இன்டர்வியூவில் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்பார்கள். அதற்கான பதில் எந்தப் படத்திலும் கிடைக்காது. இன்றைக்கே நாலு வரி எழுதி, போனில் ரெக்கார்ட் செய்து கேட்டுப் பாருங்கள்.