சமூகவியல் கோட்பாட்டையும் ஆய்வு முறைகளையும் மனப்பாடம் செய்யாமல் படிக்க முடியுமா?

முதுகலை சமூகவியலில் கோட்பாட்டுத் தாளும் ஆய்வு முறைகள் தாளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன என்றும், இரண்டையும் மனப்பாடம் செய்தே எழுதுவதாகவும், ஆய்வேடு எழுதும்போது இவை எதற்காவது உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்களைப் போல எல்லைப் பகுதியிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று எண்ணியே எழுதுகிறேன். நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கேரளப் பாடத்திட்டத்தில், பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்தவன். கல்லூரியில் பாடத்தை மலையாளத்தில் கேட்டு, தேர்வை ஆங்கிலத்தில் எழுதி, அறைக்கு வந்து தமிழில் யோசித்துப் புரிந்துகொண்டவன். அப்படிப் படிப்பவருக்கு மனப்பாடம் எவ்வளவு பெரிய துணையாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உதவுமா என்ற கேள்விக்கு, மிகவும் உதவும் என்றுதான் சொல்வேன். அந்த இரண்டு தாள்களையும் பிரித்து வைத்தது பாடத்திட்டமே தவிர, அவற்றை உருவாக்கியவர்கள் அல்லர்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவர் அதிகாரத்தின் மூன்று வகைகள், அலுவலக ஆட்சிமுறையின் இயல்புகள் என்று எண்ணிட்ட குறிப்புகளாகவே வந்து சேர்கிறார். அவரோ தம் இளம் வயதில் விவசாயக் கூலிகளைப் பற்றிய ஒரு பெரிய கணக்கெடுப்பில் முழுகிக் கிடந்தவர். ஜெர்மனியின் சமூகக் கொள்கைச் சங்கம் நடத்திய அந்த ஆய்வில், எல்பே ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள மாகாணங்களின் தகவல்களைத் தொகுத்து ஏறத்தாழ 900 பக்க அறிக்கையாக அவர் 1892-இல் வெளியிட்டார். அதில் வினாத்தாள்கள் அனுப்பப்பட்டது தொழிலாளிகளுக்கு அல்ல, நிலவுடைமையாளர்களுக்கு. கூலியைப் பற்றிக் கூலி கொடுப்பவரிடம் மட்டும் கேட்டால் கிடைப்பது அரைப் படம்தான் என்பதை வேபரே உணர்ந்து, அடுத்து நடந்த ஆய்வில் கிராமப்புறப் பாதிரிமார்களிடமிருந்து தகவல் பெற முயன்றார். எல்லை கடந்து பருவ வேலைக்கு வரும் போலந்துக் கூலிகள், ஆண்டு ஒப்பந்தத்தில் பண்ணையிலேயே குடியிருந்த பழைய தொழிலாளிகள், பண்ணையாரின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காகவே ஊரைவிட்டுப் போகிறவர்கள் என்று அவர் விவரித்ததைப் படித்தபோது, எங்கள் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடையிலுள்ள தென்னந்தோப்புகள்தாம் என் கண்முன் நின்றன. மேலாண்மையும் கீழ்ப்படிதலும் பற்றிய அவருடைய பிற்காலக் கோட்பாட்டுக்கு இப்படி ஒரு மண் இருந்தது என்பதை எந்தக் குறிப்பேடும் எனக்குச் சொல்லவில்லை.

கார்ல் மார்க்சும் 1880-இல் பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்காகச் சுமார் நூறு கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலைத் தயாரித்தார். அதற்குத் தொழிலாளிகளே பதில் எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் 1895-இல் 'சமூகவியல் முறையின் விதிகள்' என்ற நூலை எழுதி, இரண்டே ஆண்டில், 1897-இல், தற்கொலை பற்றிய நூலில் அந்த விதிகளைச் செய்து காட்டினார். முன்னதை ஆய்வு முறைகள் தாளுக்கும் பின்னதைக் கோட்பாட்டுத் தாளுக்கும் பிரித்துக் கொடுத்தால் மாணவருக்கு எப்படிப் புரியும்? அந்தப் புள்ளிவிவரங்களை ஏட்டில் பதிந்த அதிகாரிகள் எந்தச் சாவைத் தற்கொலை என்று எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று 1967-இல் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் எழுப்பிய கேள்வியையும் சேர்த்துப் படித்தால், கோட்பாடும் முறையும் ஒரே விவாதத்தின் இரண்டு குரல்கள் என்பது விளங்கும்.

என் ஆய்வேடு தென்னந்தோப்புத் தொழிலாளர் குடும்பங்களின் கடன் பற்றியது. ஒரு தோப்பில், கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்த உரிமையாளர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அருகில் தேங்காய்களைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கான பதில்களைத் தாமே வரிசையாகச் சொல்லிமுடித்தார். நாள் கூலி இவ்வளவு, வேலை ஆண்டு முழுவதும் உண்டு, கடன் எதுவும் கிடையாது. நான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தபோது, கூடையைத் தலைக்கு ஏற்றியபடியே, "அவங்க சொன்னதையே எழுதிக்கோ, கண்ணு" என்றார். அந்தத் தாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னொரு நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அவரே பேச்சைத் தொடங்கினார். மகள் கல்யாணத்துக்குத் தோப்பிலிருந்து முன்பணம் வாங்கியது, அது வாரக்கூலியில் கழிவது, கழிந்து முடியும் முன் மருத்துவச் செலவுக்கு மீண்டும் வாங்கியது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் அதைக் கடன் என்ற கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. வட்டி இல்லாததால் அது ஓர் உதவி என்றே நம்பினார். ஆனால் வேறு தோப்பில் கூடுதல் கூலிக்குக் கூப்பிட்டாலும் அவரால் போக முடியாது. வேபரைப் படிக்காமல் போயிருந்தால் இதை ஓர் அம்மாவின் கஷ்டக் கதையாக மட்டும் கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

இன்னும் கடினமாக இருந்தது, குடும்பம் என்பதை எப்படி எண்ணுவது என்பது. ஒரே சமையலறையில் உண்டு, வழக்கமாகச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடித்தனம் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. நான் போன ஒரு வீட்டில், மாமியாரும் மருமகளும் மனத்தாங்கலில் அடுப்பைப் பிரித்துக்கொண்டு, ஒரே திண்ணையின் இரண்டு மூலைகளில் சமைத்தார்கள். அரிசியோ ஒரே ரேஷன் அட்டையில் வந்தது. மருமகளின் கணவரான வீட்டுத் தலைவர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்குக் காவலாக, அங்குள்ள சாளையில், அதாவது தோப்புக் குடிசையில், தங்கியிருந்தார். அவருடைய மூத்த மகன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். மாமியார் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடனுக்கான தவணையை அந்தப் பேரன் மாதாமாதம் அனுப்பினான். இதில் எத்தனை குடித்தனம், கடன் யாருடையது? அடுப்பைக் கணக்கிட்டால் ஒரு விடை, அட்டையைக் கணக்கிட்டால் இன்னொரு விடை. குஜராத்தின் மஹுவாவில் செய்த ஆய்வை 1964-இல் நூலாக்கிய ஐ.பி. தேசாய், தனித்தனியாக வசிப்பவர்களும் சொத்தாலும் பரஸ்பரக் கடமைகளாலும் கூட்டாகவே இயங்கக்கூடும் என்று காட்டியதையும், குடித்தனமும் குடும்பமும் ஒன்றல்ல என்று ஏ.எம். ஷா 1973-இல் பிரித்துக் காட்டியதையும் அதற்குப் பிறகுதான் நான் கருத்தூன்றிப் படித்தேன். தேர்வுக்காகப் படித்தபோது ஐந்து மதிப்பெண் விடையாக இருந்தவை, அந்தத் திண்ணையைப் பார்த்த பின் எனக்கு உயிர்பெற்றன. கடைசியில் வசிக்கும் இடம், உண்ணும் அடுப்பு, கடன் கட்டும் பொறுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி நிரல்களில் பதிந்தேன்.

நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதும் முறையியல்தான். தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றிக் குறிப்பிட்ட ஊரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், தாம் அக்ரகாரத்தில் தங்கியதால் பிராமணர்களோடு சேர்த்தே அடையாளம் காணப்பட்டதையும், ஆதிதிராவிடர்களைப் பற்றிய தம் தகவல்கள் அந்த அளவுக்கு நிறைவாக அமையவில்லை என்பதையும் 1965-இல் வெளிவந்த நூலிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நம் ஆய்வேடுகளில் இப்படி ஒரு பத்தியை நான் கண்டதே இல்லை. எங்கள் அத்தை வீட்டில் தங்கித்தான் நான் களப்பணி செய்தேன். அத்தை வீட்டார் எந்தச் சாதி, யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் சில வீடுகளில் காப்பி கிடைத்தது, சில வீடுகளில் வாசலோடு பேச்சு முடிந்தது. இதை ஆய்வேட்டில் எழுதினேன்.

அங்கேதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இருக்கிறது. என் ஆய்வு நெறியாளர் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னார். பஞ்சாயத்து வீட்டு எண் பட்டியலில் இடம்பெறாத சாளைகளை நான் நடந்து கண்டுபிடித்துச் சேர்த்ததையும், மாதிரி கெட்டுவிடும் என்று அவர் ஏற்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்த நூறு வீடுகள், ஒரு கருதுகோள், ஒரு கை-வர்க்கச் சோதனை (இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை), முன்னால் ஒட்டவைத்த ஒரு கோட்பாட்டு அத்தியாயம் என்பதே அங்கு வழக்கம். முன்பணத்தில் மிக இறுகக் கட்டுண்டவர்கள் எண் இல்லாத அந்தச் சாளைகளில்தான் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்ட பட்டியலிலிருந்து எவ்வளவு நேர்மையாகக் குலுக்கி எடுத்தாலும் என்ன பயன்? வாதாடி, சாளைகளைத் தனி இணைப்பாக வைக்க மட்டுமே அனுமதி பெற்றேன்.

இதை வைத்து நான் புள்ளியியலுக்கு எதிரானவன் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையை வைத்துத் தாலுகா முழுவதையும் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். கூறெடுப்பை, அதாவது மாதிரியாக யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முறையை, ஒழுங்காகக் கற்காதவர், யார் விடுபட்டார்கள் என்பதைக்கூடச் சொல்ல முடியாது. நான் பேராசிரியரும் அல்லன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வுக்கு வேறு விதமான தயாரிப்பு வேண்டும் என்றால் அதையும் மறுக்கவில்லை. "சமூகவியலா, வேறு எதுவும் கிடைக்கவில்லையா?" என்று கேட்கும் உறவினர்களுக்கு மட்டும் என்னிடம் பொறுமை இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, குறிப்பேட்டை ஒதுக்கிவைத்து மூல நூல் ஒன்றில் ஓர் அத்தியாயத்தையாவது படியுங்கள் என்பதே. துர்க்கைமின் தற்கொலை நூலிலிருந்து தொடங்கலாம். படிக்கும்போது, இவர் எதை விளக்க வருகிறார், எந்தத் தகவலை வைத்து விளக்குகிறார், அந்தத் தகவலைத் திரட்டியவர் யார், வேறு எந்த விளக்கத்தை மறுக்கிறார் என்று ஓரத்தில் தமிழிலேயே எழுதிவையுங்கள். களக்குறிப்பையும் அன்றன்று இரவே, பேசியவரின் சொற்களிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயர்களைத் தனித் தாளில் வைத்துப் பூட்டிவையுங்கள், ஏனென்றால் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கும் தோப்புக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். 2002-இல் கோகோ கோலா ஆலைக்கு எதிராகத் தண்ணீருக்கான போராட்டம் தொடங்கிய, எங்கள் தாலுகாவின் பிளாச்சிமடைப் பக்கம் போவதாக இருந்தால், இதற்கு முன் எழுதிக்கொண்டு போனவர்களால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். ஆய்வின் பயனைக் கூட்டிச் சொல்லாமல், பட்டம் பெறுவதற்காகச் செய்கிறேன் என்று உண்மையையே சொல்லுங்கள்.

வினாநிரலை நெறியாளரிடம் காட்டுவதற்கு முன்பே நான்கைந்து பேரிடம் முன்சோதனை செய்துவிடுங்கள். தேங்காய் வெட்டு நடக்கும் நாளிலும் கூலி பட்டுவாடா நாளிலும் போகாதீர்கள். அன்று யாருக்கும் உட்கார நேரம் இருக்காது, உரிமையாளரும் பக்கத்திலேயே நிற்பார். மாலையில் தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்குப் போனால் பேசுவார்கள்.