ட்ரங்குப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

குடியாத்தம் முதல் சித்தூர், குப்பம் வரை தெருவுக்கு ஒரு மிலிட்டரி வீடாவது இருக்கும். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். நானும் மிலிட்டரிக்காரர் மகன்தான். முன்னாள் படைவீரர் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளை நெடுநாளாகப் படித்து வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகள் இவை.

குடியாத்தம், இல்லத்தரசி: என் கணவர் 24 ஆண்டு பணி முடித்து, 43 வயதில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஸ்டோரில்தான் வேலை, சண்டைக்கே போனதில்லை. ஆனால் வந்த ஆறு மாதமாக வீட்டில் நிம்மதி இல்லை. செருப்பு வரிசையாக இல்லாவிட்டால் கத்துகிறார். இது போரால் வருகிற நோயா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை அம்மா. படையிலிருந்து ஊர் வாழ்க்கைக்கு மாறும் காலத்தையே ஆய்வாளர்கள் இப்போது தனியாக ஆராய்கிறார்கள். குண்டுச் சத்தமே கேட்காதவரையும் அந்த மாற்றம் உலுக்கிவிடும். எழுவது, உண்பது, உடுத்துவது என எல்லாவற்றுக்கும் அங்கே நேரமும் ஆணையும் இருந்தன. பெயருக்கு முன்னால் ஒரு பதவி இருந்தது. நாற்பது சொச்சம் வயதில் இரண்டும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

உங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த 24 ஆண்டும் ரேஷன் கார்டு, பம்புசெட், பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் பார்த்தது யார்? அந்த வீட்டுக்குக் கமாண்டர் நீங்கள். அவர் புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட். ரெக்ரூட் வந்து இன்ஸ்பெக்‌ஷன் எடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

என் நைனாவும் இப்படித்தான் விடியற்காலை நாலரைக்கு எழுப்பிப் போர்வை மடிக்க வைத்தார். ஒரு மாதம் பொறுத்த அம்மா, ரேஷன் கார்டை அவர் கையில் கொடுத்து, "நாளையிலிருந்து நீங்கள்தான்" என்றார். அந்த வரிசையில் அவருக்கு இரண்டு பழைய பட்டாளத்துக்காரர்கள் கிடைத்தார்கள். போர்வையை மறந்துவிட்டார். வேலையை முழுதாகக் கைமாற்றுங்கள், பின்னாலேயே போய்த் திருத்தாதீர்கள். கை நீட்டினாலோ, வாரக்கணக்கில் தூங்காவிட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

குப்பம், ஆய்வு மாணவி: வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் 30 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. (கொடிய அனுபவத்துக்குப் பிறகு நீடிக்கும் மனநோய்) என்று ஒரு கட்டுரை சொல்கிறது, 18.7 என்று இன்னொன்று. பிரிட்டனில் வெறும் 6. எதை ஆய்வேட்டில் எழுதுவது, சார்?

மூன்றையும் எழுதலாம், எண்ணியது யாரை என்பதையும் சேர்த்து. 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. அந்தப் பத்தாண்டில் நடந்த பெரிய கணக்கெடுப்பு, வாழ்நாளில் எப்போதாவது இது வந்த ஆண்களை ஏறத்தாழ 30 சதவீதம் என்றது. அந்த நேரத்தில் இருந்தவர்கள் 15. அதே தரவை 2006-இல் வேறொரு குழு ராணுவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதா என்றும் பார்த்தது. 30 என்பது 18.7 ஆனது, 15 என்பது 9.1 ஆனது. யாரும் பொய் சொல்லவில்லை; சல்லடையின் கண்தான் மாறியது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி, 2003 ஈராக் போர்க்காலப் படையினரைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. 2014–16 சுற்றில் மொத்தத்தில் 6 சதவீதம். களத்தில் நேரடியாகச் சண்டையிட்டுப் பிறகு படையை விட்டு வந்தவர்களை மட்டும் பிரித்தால் 17. சமையல்காரரும் காலாட்படை வீரரும் ஒரே பெயரில் அடங்கும்போது சராசரி இப்படித்தான் ஏமாற்றும். இவற்றில் ஒன்றை எடுத்துச் சித்தூர் மாவட்டத்துக்கு அப்படியே ஒட்டினால், நான் வழிகாட்டியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

சித்தூர், மகன்: அப்பா 1987 முதல் அமைதிப்படையில் இலங்கையில் இருந்தார். யாராவது வீரர் என்று புகழ்ந்தால் எழுந்து போய்விடுகிறார். பயந்த சுபாவமும் இல்லை. பேச வைக்கலாமா?

வற்புறுத்தாதீர்கள். வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, அச்சத்தால் வரும் காயத்திலிருந்து வேறொன்றைப் பிரித்துக் காட்டினார். சரி என்று நம்பியதற்கு மாறாக ஒன்று நடந்து, மேலே இருந்தவர்கள் கைவிட்டார்கள் என்று உள்ளே அறுப்பது அது. அதில் தனக்கும் பங்கு இருந்தது என்ற அறுப்பையும் பின்வந்த ஆய்வாளர்கள் இதில் சேர்த்தார்கள். மனசாட்சியின் காயம் என்று நான் சொல்வேன். அதற்குப் புகழ்ச்சி மருந்தாகாது, சில நேரம் உப்பாகும். தாய்மொழி பேசும் மக்களின் வாசலில் துப்பாக்கியோடு நின்ற தமிழ் ஜவானுக்கு அந்தச் சுமை கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். அவருடைய யூனிட்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் சந்திக்க அழைத்துப் போய்விட்டு, நீங்கள் வெளியே டீ குடிக்கப் போய்விடுங்கள்.

பலமநேர், ஓய்வுபெற்ற நாயக்: நலன் பற்றிய கேள்வித்தாள் ஒன்று தெலுங்கில் வந்தது. எழுதப் படிக்கத் தெலுங்கு, வீட்டில் தமிழ். "மனச்சோர்வு உண்டா" என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டேன். சரிதானே?

உங்கள் மேல் தவறில்லை அண்ணா. நெஞ்சு படபடப்பு, தலை பாரம், சோறு இறங்கவில்லை என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள். கேள்வியை மொழிபெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடுவது ஆய்வு மரபு. அதோடு பேச்சுவழக்கையும் கேட்டறியாவிட்டால் உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் "நலம்" பட்டியலில் போய்ச் சேருவார்கள்.

பேரணாம்பட்டு, தாய்: அப்பா எல்லையில் இருப்பதால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

பிரிட்டனில் பார்த்தவரை, தந்தை போர்முனைக்குப் போனதற்கும் பிள்ளைகளின் நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை. தந்தைக்கு பி.டி.எஸ்.டி. இருந்த வீடுகளில்தான் பிள்ளைகளிடம் மிகைத்துடிப்பு கூடுதலாக இருந்தது.

காட்பாடி: கேண்டீன் ரம் அளவாகத்தான் குடிக்கிறேன். அதையும் ஆராய்வார்களா?

முதலில் அதைத்தான். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வின் 2014–16 சுற்றில் குடிச் சிக்கல் 10 சதவீதம், பி.டி.எஸ்.டி.யை விட அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விச் சோதனை இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே எச்சரிக்கை. விடையை உங்கள் மனைவியும் எழுதட்டும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகரி, அக்னிவீரரின் அண்ணன்: சீக்கிரம் படையை விட்டு வருபவர்களுக்கு மனநலம் கெடும் என்று படித்தேன். தம்பிக்கும் வருமா?

பிரிட்டன் ஆய்வுகள் அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் அங்கே சீக்கிரம் வந்தவர்களில் பலர் ஒத்துவராமல் இடையில் விலகியவர்கள். 2022-இல் அறிவித்த நம் அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் கால்வாசிப் பேருக்குத்தான் நிரந்தரப் பணி. மற்றவர்கள் விதிப்படி வெளியே வருகிறார்கள். அந்தக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. தம்பி வந்ததும் படிப்பையோ வேலையையோ பிடிக்கும் வரை, சேவா நிதியாக வரும் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயை மனை வாங்கச் சொல்லும் மாமாக்களிடமிருந்து காப்பாற்றுங்கள்.