வாசகர் கேள்வி–பதில்: துள்ளும் ஸ்பீடோமீட்டர் முள்

கேள்வி: 1960-களின் லேண்ட் ரோவர் வைத்திருக்கிறேன். ஸ்பீடோமீட்டர் முள் 20-க்கும் 40-க்கும் இடையே துள்ளுகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் 'டிக் டிக்' சத்தமும் வருகிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் மட்டும் ஒழுங்காக ஏறுகின்றன. மீட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். எண்கள் ஏறுவதால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பல்சக்கரம் சுழல்கிறது, அந்தச் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிளும் அறுந்துபோகவில்லை. கோளாறு பெரும்பாலும் கேபிளுக்குள்தான். மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. முள்ளோடு இணைந்த அலுமினியக் கிண்ணம் அதைத் தொடாமலே இழுபடும். மெல்லிய சுருள்வில் அதை அடக்கிப் பிடிக்கும். கிரீஸ் வறண்டுபோனால் உள்கம்பி உறையில் சிக்கி முறுக்கேறும், பிறகு சட்டென விடுபடும். அந்த வெட்டுதான் முள்ளில் துள்ளலாகத் தெரிகிறது.

மீட்டர் பக்க நட்டைக் கழற்றி உள்கம்பியை உருவுங்கள். சமதளத்தில் போட்டு விரலால் உருட்டிப் பாருங்கள். சீராக உருளாமல் ஓரிடத்தில் எகிறினால் அங்கே மடிந்திருக்கிறது. நிமிர்த்திப் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள். நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் கடைசி 20 செ.மீ. மட்டும் உலர்ந்தே இருக்கட்டும். அங்கே தடவினால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறி முள்ளை ஒட்ட வைத்துவிடும்.

மாட்டும்போது உறைக்கு வெளியே கம்பி சுமார் 10 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். வளைவின் ஆரம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மீட்டரை ஒட்டிய 5 செ.மீ. நேராக இருக்கட்டும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். புதுக் கேபிளும் சீக்கிரம் கெடுவதற்கு நெருக்கமான வளைவே முக்கியக் காரணம்.

உருவிய கம்பியில் கிரீஸுக்குப் பதில் ஆயில் வழிந்தால், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பக்கம் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: 6.00-16 டயரை எடுத்துவிட்டு 7.50-16 போட்டேன். முள் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறதே?

பதில்: மீட்டரில் பழுதில்லை. பெரிய டயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போவதால் சுமார் 10 சதவீதம் குறைவாகக் காட்டும். முகப்பில் சிறியதாக அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. இப்போதைய டயருக்கு ஏற்ற, அதைவிடக் குறைந்த எண்ணுள்ள மீட்டர் வேண்டும். அதுவரை முள் 50 காட்டினால் 55 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.