கொறங்காட்டுக்குள் ஜீப் இறங்கினால்: கேள்வி பதில்

காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜீப்பும் பைக்குமாகக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வக்கீலாகவும் எட்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட சொந்த மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவனாகவும் பதில் சொல்கிறேன்.

வேலியை உடைத்துக்கொண்டு ஜீப்புகள் வந்தன. ஸ்டேஷனில் ‘இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க’ என்கிறார்கள். சரியா அண்ணா?

சரியில்லைங்க. வேலியை உடைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 324-ஆம் பிரிவில் குற்றம். நஷ்டம் 20,000 ரூபாயைத் தொட்டுவிட்டால் தண்டனை 2 ஆண்டு வரை போகும். அதனால் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு மனுவிலேயே எழுதுங்கள். கிளுவை வேலி கடையில் கிடைக்கிற சாமான் அல்ல. போத்து (வெட்டிய கிளை) நட்டு, வேர் பிடித்து, ஆடு நுழையாத அளவுக்கு அடைய வருஷக்கணக்காகும். எங்கள் காட்டிலும் ஐப்பசி மழை ஈரத்தில் ஒரு ஜீப் வட்டமடித்துவிட்டுப் போனது. சக்கரம் சறுக்கிய இடத்தில் கொழுக்கட்டைப் புல் தூரோடு பிடுங்கிக் கிடந்தது. தை மாதம் பார்த்தேன், அந்த வட்டம் மட்டும் அப்படியே மொட்டையாக இருந்தது. மாடு மேய்கிற இடம் அது. அதைச் ‘சும்மா கிடக்கிற காடு’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அத்துமீறலுக்கு 329-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நுழைந்தது மட்டும் போதாது, உங்களைத் தொந்தரவு செய்யும் நோக்கம் போன்ற ஒன்றைக் காட்ட வேண்டும். முதலில் ‘வெளியே போங்க’ என்று சொல்லுங்கள், அதை வீடியோ எடுங்கள். அப்புறமும் நின்றால் வழக்கு பலமாகும். வண்டி நம்பர், சிட்டா, புலப்பட நகல் எல்லாம் வைத்து மனுக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நாங்கள் இட்டேரியில் (இரண்டு பக்கமும் வேலி உள்ள வண்டிப்பாதையில்) மட்டும்தான் ஓட்டுகிறோம். அது புறம்போக்குதானே?

தம்பி, இட்டேரியில் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. அதனாலேயே மோட்டார் வாகனச் சட்டப்படி அது ‘பொது இடம்’. நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் அங்கேயும் வேண்டும். வண்டியைச் சட்டத்துக்கு மாறாக மாற்றியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். பதினெட்டு ஆகாத பையன் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாயும் 3 ஆண்டு வரை சிறையும். சாயங்காலம் மாடு திரும்புகிற நேரத்தில் தயவுசெய்து வண்டியை நிறுத்தி வழி விடுங்கள்.

சத்தியமங்கலம் காட்டில் பழைய வண்டித்தடம் இருக்கிறதே?

போகாதீர்கள். 2013 முதல் அது புலிகள் காப்பகம். திம்பம் போன்ற பொதுச்சாலையில் கடந்து போகலாம், அதற்கும் இரவில் கட்டுப்பாடு உண்டு. அனுமதியில்லாமல் காட்டுக்குள் திரும்பினால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம்.

என் பட்டா நிலத்தில் கட்டணம் வாங்கி ஓட்ட விடலாமா?

பட்டா மட்டும் போதாது. விவசாய நிலத்தை வேறு தொழிலுக்கு மாற்ற 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மலையடிவாரக் கிராமம் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இட்டேரியின் குறுக்கே கம்பி கட்டச் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். பைக்கில் வருகிறவன் கழுத்தில் மாட்டினால் உயிர் போய்விடும், ஜெயிலுக்கு நீங்கள்தான் போவீர்கள். பள்ளம் வெட்டினாலும் பொதுவழியை மறித்ததாகிவிடும். உங்கள் படலுக்கு ஒரு பூட்டுப் போடுங்கள். சர்வே எண்ணோடு ‘தனியார் நிலம், வண்டி நுழையக் கூடாது’ என்று ஒரு பலகை வையுங்கள். வந்தவர் தெரிந்தே நுழைந்தார் என்று காட்ட அந்தப் பலகையின் போட்டோ உதவும்.