பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பட்டாணியர் இல்லை, தம்பி

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வீடு பார்த்திருக்கிறேன், அக்கம்பக்கம் முழுக்க 'ஆப்கானிகள்', குடும்பத்தோடு வரலாமா, வாடகை, பள்ளி, கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. வாடகை அதிகம்தான். மற்றதை வந்து நாலு பேரிடம் விசாரித்தால் போதும். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த 'ஆப்கானிகள்' பற்றி.

ஆப்கானி என்பது அவர்கள் நாட்டுப் பணம். ஆளை ஆப்கன் என்று சொல்லுங்கள். அப்புறம், எல்லாரையும் பட்டாணியர், அதாவது பஷ்தூன் இனத்தவர், என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன்.

2001-ல் நாங்கள் வந்த ஏழாம் மாதம் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. எனக்கு எச்-4 விசா, வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தருவது, வேலை பார்க்க அனுமதி இல்லை. ஒருநாள் கீழ்வீட்டு அம்மா தட்டு நிறைய பொலானி கொண்டு வந்தார். மெல்லிய மாவுக்குள் பொடியாக நறுக்கிய கந்தனா, நம் வெங்காயத்தாள் மாதிரி, வைத்து அரைவட்டமாக மடித்து எண்ணெயில் சுட்டது. நின்றபடியே இரண்டு சாப்பிட்டேன். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "நீங்கள் பட்டாணியர்தானே? எங்கள் ஊரில் வட்டிக்கு விட வருவார்கள், ஈட்டிக்காரர் என்போம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

அவர் ஹசாரா, ஆப்கானிஸ்தானின் வேறொரு இனம். 1890-களில் நாட்டை ஆண்ட பஷ்தூன் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மானின் படை ஹசாராக்களின் நிலங்களைப் பறித்தது, ஆண் பெண் பாராமல் அடிமைகளாக விற்றது. அவர் வீட்டுப் பேச்சில் 'அவ்கான்' என்றால் பஷ்தூன் மட்டும்தான். அந்தச் சொல்லின் பழைய பொருளும் அதுதான். 1747-ல் கந்தஹாரில் அஹ்மத் ஷா, பானிபட் பாடத்தில் நாம் படித்த அப்தாலி, அமைத்த அரசு பஷ்தூன்களுடையது. நாளடைவில் அவர்கள் பெயரே நாட்டுக்கும் ஆனது. 1964 அரசியல் சட்டம் குடிமக்கள் எல்லாரும் ஆப்கன்தான் என்றது. 2004 சட்டம் 14 இனங்களைப் பெயர் சொல்லி எழுதி, மறுபடியும் அதையே சொன்னது. சட்டத்தில் எழுதிவிட்டால் மனதில் ஏறிவிடுமா? 2018-ல் புது அடையாள அட்டையில் 'ஆப்கன்' என்று அச்சிடுவதற்கே பெரிய தகராறு. பஷ்தூன் பெயரை எங்கள் மேல் ஒட்டாதே என்று தாஜிக், ஹசாரா, உஸ்பெக் இனத்தவர் பலர் எதிர்த்தார்கள்.

நம் ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம். யாராவது 'மதராஸி' என்றால் அரைமணி நேரம் பாடம் எடுப்பார்கள். ரொட்டிக் கடை தாஜிக்காரரை இருபது வருஷமாக 'கான் பாய்' என்றே கூப்பிடுவார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். என்ன இனம் என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். எந்த ஊர் என்று கேளுங்கள். காபூல், ஹெராத், கஸ்னி என்று பேச்சு தானாக வளரும்.

மறுவாரம் எலுமிச்சை சாதத்தோடு கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று தொடங்கிய பழக்கம். அப்போது கைக்குழந்தையாக இருந்த அவர் மகள், இங்கேயே பிறந்தவள், யார் கேட்டாலும் "நான் ஆப்கன்" என்பாள், அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்களிடம் விழுந்த அன்று அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பஷ்தூன் பெரியவரும் வந்து, பேச முடியாமல் அழுதார். மகள் ஆப்கானிஸ்தானின் கறுப்பு, சிவப்பு, பச்சைக் கொடியை பால்கனியில் கட்டினாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுந்து உதவவும் இல்லை. ஏலக்காய் போட்ட தேநீரை முதல் கோப்பையாக அந்தப் பெரியவர் கையில் கொடுத்தார்.