பறை மிக்ஸில் அமுங்குதுன்னா கிட்டாரைக் கவனிங்க

பொள்ளாச்சித் தம்பி, டிராப் சி-யில், அதாவது கிட்டார்க் கம்பிகளைத் தாழ இறக்கிச் சுருதி சேர்த்து, வாசிக்கிற உங்க பேண்டின் 2ஆவது ஆல்பத்தில் பறை சேர்த்தா, எல்லா ஒலியையும் கலக்கிற மிக்ஸில் அது காணாமப் போகுதுன்னு கேட்டிருந்தீங்க. பறையை ஏத்திப் பிரயோசனமில்லைங்க, கிட்டார் இடம் விடணும்.

ரிதம் கிட்டாரின் கெயினை (சத்தத்தை உறும வைக்கிற அளவை) மூணில் ஒரு பங்கு குறைச்சு, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி டேக் (பதிவு) எடுங்க. அடுக்கினதும் கனம் தானா வந்துரும். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிருங்க, அது பேஸ் கிட்டாரின் இடம். பறையடிக்கிற நீளமான ஒல்லிக் குச்சியின் 'சுள்' 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கேக்கும். கிட்டாரில் அங்கே 2, 3 டெசிபல் இறக்குங்க.

தோலுக்கு முன்னால ஒரு முழம் தள்ளி ஒரு மைக், பின்புறம் ஒண்ணு. பின் மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிப் பாருங்க. திருப்பாம விட்டா அடிச்சத்தம் ஒண்ணையொண்ணு தின்னுரும்.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காத்துல தோல் சீக்கிரம் தொய்யும். டேக்குக்கு டேக் தோலை நெருப்புல காய்ச்சணும், இல்லைன்னா வெட்டி ஒட்டுற இடத்துல சுருதி மாறுறது பட்டவர்த்தனமாத் தெரியும்.

எல்லாப் பாட்டிலும் பறை வேண்டாம். பிளாக் சப்பாத்-ங்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் 1970இல் தங்க 2ஆவது ஆல்பத்துலயே டிரம் செட்டை ஒதுக்கி, காங்காவோட (கையால தட்டுற உயரமான மேளம்) ஒரு மெதுவான பாட்டு வெச்சாங்க. நீங்களும் ஒரு பாட்டில் கிட்டாரின் டிஸ்டார்ஷனை (கரகரப்பை) அணைச்சு, கும்மிக் கைத்தட்டை மட்டும் விட்டுப் பாருங்க.