இருட்டிலும் தெரியவில்லை, வெளிச்சத்திலும் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 38. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரை செல்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்) இருப்பதாகச் சொன்னார்கள். மாலைக்கண் சிறு வயதிலிருந்தே உண்டு, அது பழகிவிட்டது. இரண்டு வருடமாக வெளிச்சம்தான் பிரச்சினை. அலுவலகத்தில் டியூப் லைட்டும் கம்ப்யூட்டர் திரையும் கண்ணைக் குத்துகின்றன. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை மூடிவிட்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். "இருட்டிலும் தெரியாது, வெளிச்சத்திலும் தெரியாது என்றால் உனக்கு எதில்தான் தெரியும்?" என்கிறார் கணவர். இன்னொன்று, கண்களின் ஓரத்தில் ஏதோ மினுமினுத்துக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடினாலும் நிற்பதில்லை. டாக்டரிடம்கூட இதைச் சொல்லவில்லை. பார்வை வேகமாகப் போகிறதா, அல்லது என் மனநிலையில்தான் கோளாறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதை நினைத்துத்தான் நீங்கள் தூக்கம் கெட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் மனநிலையில் கோளாறு என்று நினைக்க இதில் ஒன்றுமில்லை. உங்களுக்கு இருக்கும் நோயில் இந்த மினுமினுப்பு மிகச் சாதாரணம். ஆனால் டாக்டர்கள் கேட்பதில்லை, நோயாளிகள் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் குறையக் குறைய, அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கும் நரம்பு செல்களுக்கு வேலை வருவதில்லை. வேலை இல்லாத நரம்பு சும்மா இருக்காது, தானாகவே துடிக்க ஆரம்பித்துவிடும். நரம்பிலிருந்து எது வந்தாலும் மூளை அதை வெளிச்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். காது மந்தமானவர்களுக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்பது போன்ற சங்கதி இது. கண்ணை மூடினாலும் நிற்காததற்குக் காரணமும் இதுதான், வெளியே நிஜமாக ஒளி இருந்தால்தானே இமை அதை மறைக்கும்? களைப்பும் மன அழுத்தமும் இருக்கும் நாட்களில் இது கூடும். உங்களுக்கு அப்படித்தானா என்று கவனித்துப் பாருங்கள்.

பார்வை குறைந்தவர்களில் சிலருக்கு மினுமினுப்போடு நிற்காது, உருவங்களே தெரியும். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பொன்னே என்ற இயற்கை அறிஞர் 1760இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார். தொண்ணூறை நெருங்கிய, பார்வை மங்கிய அந்தப் பெரியவர் எதிரே ஆண்களையும் பெண்களையும் பறவைகளையும் வண்டிகளையும் பார்த்தார். அவை நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. இன்று அந்த நிலைக்குப் பேரன் பெயரையே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் என்றாவது அப்படி ஏதாவது தெரிந்தால், பதறாமல் கண்ணை இடமும் வலமுமாக நாலைந்து தரம் அசையுங்கள், அல்லது விளக்கைப் போடுங்கள். பலருக்கு அதிலேயே கலைந்துவிடும்.

ஆனால் பழகிய மினுமினுப்பு வேறு, புதிதாக வருவது வேறு. ஒரே கண்ணில் திடீரென மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் ஒரு கூட்டமாகப் பறந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல மறைத்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். விழித்திரை கிழிந்திருக்கலாம், பிய்ந்து வரலாம். வலியும் சிவப்பும் சேர்ந்த கூச்சமும் அப்படித்தான். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கூடவே தலைவலியும் வாந்தியும் வந்தால் கண்ணின் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதற்கும் காத்திருக்கக்கூடாது.

சரி, கணவர் கேட்டதற்கு வருவோம். நக்கலாகவே கேட்டிருந்தாலும் சரியான கேள்விதான். பதில்: நடுவில் ஒரு சின்ன இடைவெளியில் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள், இந்த நோயில் முதலில் போவது அவைதான். மிச்சம் இருப்பவை கூம்பு செல்கள். அவையும் பழைய தெம்போடு இல்லை, பளிச்சென்று வெளிச்சம் பட்டால் மீண்டு வர நேரம் எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நேர் வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ், அலுவலக மேசையில் 500 லக்ஸ் இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம். நல்ல கண் வாசல்படியைத் தாண்டும்போதே இதைச் சமாளித்துவிடுகிறது, உங்கள் கண்ணால் முடியவில்லை.

ஆனால் கடந்த இரண்டு வருடத்தில்தான் கூச்சம் அதிகம் என்கிறீர்கள். எல்லாவற்றையும் விழித்திரையின் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வரும். அதுவும் லென்ஸின் பின்பக்கம், நட்ட நடுவில் வரும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது ஒளி முழுக்க அந்த அழுக்கு வழியாகத்தான் போகவேண்டும், கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்ட இடத்தில் வெளிச்சம் சிதறுமே, அந்த மாதிரி. அறுவை சிகிச்சை விழித்திரையைச் சரிசெய்யாது, ஆனால் கூச்சத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். இந்த நோயில் லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் பலவீனமாக இருக்கக்கூடும் என்பதால், இப்படிப்பட்ட கண்களில் பழக்கமுள்ள டாக்டர் செய்வது நல்லது. இன்னொரு சாத்தியம், விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்வது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் தெரியும், மருந்தில் குறைய வாய்ப்பும் உண்டு. கண் வறட்சியும் கூச்சத்தைக் கூட்டும். "இந்த நோய்க்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒருமுறை கேட்டுவிட்டு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

மாலைக்கண் என்றதும் யாராவது விட்டமின் ஏ மாத்திரையைக் கையில் திணிப்பார்கள். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் வேறு, உங்களுடையது வேறு. அதிக அளவு விட்டமின் ஏ ஈரலைப் பாதிக்கும், கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இனி அந்தக் கூலிங் கிளாஸ். வெளியே தாராளமாகப் போடுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். மூடிய அறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தால் கண் அந்த இருட்டுக்குப் பழகிக்கொள்ளும். மறுநாள் அலுவலக டியூப் லைட் முன்னைவிட அதிகமாகக் குத்தும், நீங்கள் இன்னும் கறுப்பான கண்ணாடி தேடுவீர்கள். போதாததற்கு, மாலைக்கண் உள்ளவர் இருட்டிய அறையில் கறுப்புக் கண்ணாடியோடு நடந்தால் முழங்காலுக்குத்தான் கேடு. ஒரே நாளில் கழற்ற வேண்டியதில்லை. லேசான நிறம் ஏற்றிய கண்ணாடிக்கு மாறுங்கள், ஜன்னலை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வையுங்கள்.

நிறம் என்றால் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு வகைகளைப் போட்டுப் பாருங்கள். அதிகம் சிதறுவது நீல ஒளி, அதை இவை வடிகட்டும், மற்ற வெளிச்சத்தை விட்டுவைக்கும். வெறும் கறுப்போ எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஒருவருக்கு ஒத்துவந்தது இன்னொருவருக்கு ஒத்துவராது, அதனால் எங்கே கூசுகிறதோ அந்த வெளிச்சத்திலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கூசும் இடத்தில் நின்று, உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் கூரைபோலப் பிடியுங்கள். சட்டென்று இதமாக இருந்தால் உங்கள் எதிரி மேலிருந்து வரும் வெளிச்சம். அதற்கு விளிம்பு வைத்த தொப்பி எந்தக் கண்ணாடியையும் தோற்கடிக்கும். அலுவலகத்தில் தொப்பி போட முடியாவிட்டால் தலைக்கு மேல் இருக்கும் அந்த ஒரு டியூப் லைட்டை மட்டும் அணைக்கக் கேளுங்கள், மேசைக்குத் தனி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, வெளிச்சம் தாளில் மட்டும் விழவேண்டும். ஜன்னல் முகத்துக்கு நேராகவும் வேண்டாம், திரைக்கு நேராகவும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். திரை தாளைவிட விளக்குபோல எரிந்தால் பிரகாசத்தைக் குறையுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தும் பாருங்கள்.

புத்தகம் படிக்கவும் ஒரு வழி உண்டு. கறுப்பு அட்டையில் ஒரு வரி தெரியும் அளவுக்கு நீளமாக ஜன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படியுங்கள். சுற்றியுள்ள வெள்ளைத் தாள் கண்ணில் அடிக்காது. அட்டையும் கத்தரிக்கோலும் போதும்.

அப்புறம், அடுத்த முறை டாக்டரிடம் கணவரையும் கூட்டிப்போங்கள். மினுமினுப்பு எப்போது, எந்தக் கண்ணில், எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் குறித்து வைத்த தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும், அது எவ்வளவு என்று காட்டும் உங்கள் பார்வைப் பரப்பின் படத்தைக் கணவருக்கும் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் நம்பவில்லை என்றால், இரண்டு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, முனையில் மங்கலான பிளாஸ்டிக் தாளைக் கட்டி, ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்து, குழாய்கள் வழியாக மட்டும் பார்த்துத் தன் செல்போனை மேசையில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தரம்.